மேனேஜரும் அக்காவின் வலது காலும்

என் அக்காவுக்கு வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது என்று எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் பாராட்டாகச் சொல்வார்கள். நான் எரிச்சலோடு சொல்கிறேன். ஐம்பத்தொரு வயதில் ஒரு சேவலிடம் உதை வாங்கிவிட்டு, "பாவம், அது என்ன பண்ணும்?" என்று அந்தச் சேவலுக்கே பரிந்து பேசுகிறவளை வேறு எப்படிச் சொல்வது?

அவள் தையல்காரி. புதுத் துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, தோள் தொங்கும் சட்டையை ஆளுக்கு ஏற்றபடி பிடித்துக் கொடுப்பது. யாரோ தப்பாக வெட்டியதையும் யாரோ அளவு பார்க்காமல் வாங்கியதையும் இவள் உட்கார்ந்து பிரித்துச் சரிசெய்வாள். "இதை எவன் தைச்சான்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. முப்பத்தைந்து வருடமாக அதே மிதி மெஷின். மோட்டார் வைத்துக்கொள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "மோட்டாரு அது இஷ்டத்துக்கு ஓடும்டி. கால்னா நான் நினைச்ச தையல்ல நிக்கும்" என்பாள். மெஷினை நிறுத்துவது வலது கால். அந்தக் காலில்தான் சேவல் கிழித்தது.

அவளுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன், அதனால் எனக்கு இந்தக் கதை எப்படிப் போகும் என்று தெரியும். முதலில் பஞ்சும் புண்ணுக்குக் கட்டும் காஜ் துணியும் வாங்க அவர்களே நடந்து வருவார்கள். அப்புறம் ஆட்டோவில் வந்து உட்கார்ந்தபடியே சீட்டை நீட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து வீட்டில் வேறு யாராவது வருவார்கள், ஊன்றுகோலுக்கு அடியில் மாட்டும் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. என் அக்காவுக்கு அந்த ரப்பரை நான் எடுத்துக் கொடுக்கும் நாள் வரக்கூடாது. எனக்கு இருந்த கவலை அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். சமையலறையின் பின்கதவைத் திறந்தால் கொல்லை. நடுவில் ஒரு சிமென்ட் பாதை, நடந்தால் பதினைந்து எட்டு. பாதை முடியும் இடத்தில் தகரக் கூரை போட்ட தையல் அறை. வலது பக்கம் கோழிக்கூடு, இடது பக்கம் தண்ணீர்த் தொட்டியும் துணிக் கொடியும். தொட்டியை ஒட்டி ஒரு சின்ன இரும்புக் கதவு, துணி கொடுக்க வருகிறவர்களுக்காக. அக்கா ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்தப் பதினைந்து எட்டையும் நடக்க வேண்டும். சோற்றுக்கு ஒரு நடை, பாத்ரூமுக்கு ஒரு நடை, மாமா கூப்பிட்டால் ஓட்டமும் நடையுமாக ஒரு நடை.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். பார்சல் ஆபீஸில் வேலை. லாரி இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. சட்டையைக் காணோம் என்று கத்தினால் இஸ்திரி போட்ட சட்டையோடு டீயும் வரும். குழம்பில் உப்பு இல்லை என்று கத்தினால் உப்போடு ஒரு ஆம்லெட்டும் வரும். இந்தப் பழக்கத்தை அக்கா கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் அப்பாவிடமே கற்றுக்கொண்டாள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே இன்றைக்கு எந்த அளவுக் கோபம் என்று கண்டுபிடித்துவிடுவாள். அவர் உள்ளே வந்து வாயைத் திறப்பதற்குள் தட்டு முன்னால் இருக்கும். நான் அப்படி இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பதிலுக்குப் பதில் பேசுவேன், அறை வாங்குவேன், அறை வாங்கிக்கொண்டே பேசுவேன்.

கோழி வளர்க்கிற யோசனை மாமாவுடையது. வீட்டு முட்டைதான் உடம்புக்கு நல்லது என்று யாரோ ஓதிவிட்டார்கள். ஒரு அட்டைப்பெட்டியில் எட்டுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கினார். அதோடு அவர் வேலை முடிந்தது. தீனி வைப்பது, கூட்டைக் கழுவுவது, முட்டை எடுப்பது எல்லாம் அக்கா. முட்டையைத் தின்பது மட்டும் அவர். வளர்ந்த பிறகு பார்த்தால் ஏழு கோழி, ஒரு சேவல். செம்பழுப்பு நிறம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடை, ஒரு வேலையும் செய்யாமல் எல்லார் வேலையிலும் மேற்பார்வை. நான்தான் மேனேஜர் என்று பெயர் வைத்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

ஒரு வயது ஆவதற்குள் மேனேஜருக்குத் திமிர் ஏறிவிட்டது. மீட்டர் பார்க்க வந்தவரைக் கேட் வரைக்கும் துரத்தியது. இரண்டு பேன்ட்டைக் கொடுக்க வந்த ஒரு வாத்தியார், போட்டிருந்த பேன்ட்டும் கிழிந்து, மறுநாள் மூன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் ஒரு நாள் அவள் மேலேயே பாய்ந்தது. சேவலுக்குக் காலின் பின்பக்கம் முள் இருக்கும். அரை விரல் நீளத்துக்கு வளர்ந்த முள். அதால் வலது கணுக்காலுக்கு மேலே ஒரு கிழி கிழித்திருக்கிறது.

அதை என்னிடம் சொன்னாளா? மூச்சு விடவில்லை. தங்கை மருந்துக் கடையில் இருக்கிறேன், இவள் எதிர்க் கடைக்குப் போய் பிளாஸ்டர் வாங்கி ஒட்டியிருக்கிறாள். அந்தக் கடைக்காரர் டீ குடிக்கும்போது என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார். "உங்க அக்கா கால் இப்ப தேவலையா?" கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பிளாஸ்டரைப் பிரித்தால் நாலு நாள் புண். ஓரமெல்லாம் வெள்ளை, உள்ளே சீழ்.

"ஏன்டி சொல்லலை? அறிவிருக்கா உனக்கு? சர்க்கரைக் காலை வச்சுக்கிட்டு விளையாடுறியா?" தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"சரி சரி, விடு. நீ முதல்ல உக்காரு, தண்ணி குடி" என்றாள்.

டாக்டர் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. புண்ணைச் சுத்தம் பண்ணிவிட்டு, "இது ஆறிடும்னு நம்புறேன். தினமும் கட்டு மாத்தணும். ஆனா இதே கால்ல இன்னொரு காயம் பட்டுச்சுன்னா, அப்புறம் எடுக்கிறது விரலா பாதமான்னு பேச வேண்டி வரும்" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் போய்க் கட்டு மாற்ற ஆரம்பித்தேன்.

அன்று ராத்திரியே மாமாவிடம் சொன்னேன். "அந்தச் சேவலை அறுத்துடுங்க."

"சேவல்னா அப்படித்தான் இருக்கும். சொங்கி மாதிரியா இருக்கும்? இவதான் பாத்து நடக்கணும்."

"நீங்க ஒரு தடவை அந்தக் கொல்லையில நடந்து காட்டுங்களேன் பாப்போம்."

"என் வீட்டுல என்ன இருக்கணும், என்ன இருக்கக்கூடாதுன்னு நீ சொல்லாத. அது என் சேவல்!"

"சேவல் உங்களுது. கால் யாருது?"

அவர் ஏற, நான் ஏற, அக்கா நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவருக்கு ஒரு தட்டு வந்தது, எனக்கு ஒரு தட்டு வந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

சரி, இவர் செய்யமாட்டார், நாமே ஒரு கை பார்த்துவிடுவோம் என்று துடைப்பத்தோடு இறங்கினேன். தினமும் அந்த இரும்புக் கதவு வழியாகத்தான் உள்ளே போவேன். அது பாயும், நான் அடிப்பேன். அது இன்னும் உயரமாகப் பாயும், நான் இன்னும் ஓங்கி அடிப்பேன். மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் என் கை கதவின் தாழ்ப்பாளில் பட்ட சத்தத்துக்கே அது கொல்லையின் கோடியிலிருந்து சிறகை விரித்துக்கொண்டு வர ஆரம்பித்தது. அப்படி ஒரு வன்மம். எனக்கு மட்டும் குறைச்சலா? ராத்திரி படுத்தால் அதன் கழுத்தைத் திருகுவதைப் பற்றி யோசித்துக்கொண்டே தூங்குவேன், நல்ல தூக்கம் வரும்.

எங்கள் கடைக்கு ஒரு கோழிப் பண்ணைக்காரர் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருவார். அதிகம் பேசாத மனிதர். அவரிடம் புலம்பினேன். "ஒரு தடவை வந்து பாக்குறேன்மா. பாக்காம எதுவும் சொல்ல முடியாது" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். கொல்லைக்குள் போகவே இல்லை. சமையலறை ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா பின்கதவைத் திறந்தாள். தைக்கும்போது கட்டுகிற ஏப்ரன் போட்டிருந்தாள். அதில் இடது பையில் சாக்கட்டி, ஊசி, அளவு நாடா. வலது பையில் என்ன இருக்கிறது என்று நான் இத்தனை நாளும் கேட்டதில்லை. மேனேஜர் கழுத்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. அக்கா சட்டென்று வலது பைக்குள் கையை விட்டு, ஒரு பிடி உடைத்த சோளத்தை எடுத்துத் தூர வீசினாள். அது சோளத்துக்கு ஓடியது. அவள் தையல் அறைக்கு ஓடினாள்.

"எத்தனை நாளா இப்படிப் போடுறாங்க?" என்று பண்ணைக்காரர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்த அக்காவே சொன்னாள், அதுவும் பெருமையாக. "அது குஞ்சா இருந்து கொஞ்சம் வளர்ந்தப்பவே முறைக்கும். ஒரு பிடி போட்டா போயிடும். இப்பல்லாம் அது வர்றதுக்கு முன்னாடியே போட்டுடுவேன். அன்னிக்கு ரெண்டு கையிலயும் துணி, எடுக்க முடியலை. அதான் கிழிச்சிடுச்சு. அதும் மேல தப்பில்லை."

பண்ணைக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்தார். அப்புறம், "அம்மா, நீங்க அதுக்குச் சண்டை போடக் கத்துக் குடுத்திருக்கீங்க. முறைச்சா சோளம். பாஞ்சா ரெண்டு பிடி சோளம். எந்தச் சேவலா இருந்தாலும் பாயத்தான் செய்யும்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "பாத்தியா? பாத்தியா? எல்லாரையும் இப்படிக் கெடுத்து வச்சிருக்கே! கத்துறவனுக்கெல்லாம் தட்டைத் தூக்கிட்டு ஓடினா..."

"நீங்களும்தான்மா" என்று அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க துடைப்பத்தால அடிக்கிறப்ப, அது உங்களை இன்னொரு சேவல்னு நினைக்குது. விடுமா? ஒருத்தர் தீனி போடுறீங்க, ஒருத்தர் அடிக்கிறீங்க. அது என்னதான் பண்ணும்?"

 

இரண்டு வழி சொன்னார். ஒன்று, கறிக்கடை. இல்லையென்றால் அக்காவே நிற்கப் பழக வேண்டும். வீசக்கூடாது, ஓடக்கூடாது, அடிக்கவும் கூடாது. அது வந்தால் இவள் ஒரு எட்டு முன்னால் போக வேண்டும். முடிந்தபோது பிடித்து, கக்கத்தில் இடுக்கி, அது அடங்கிச் சும்மா ஆகும் வரைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு யார் செய்தாலும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அது அந்த ஆளுக்கு மட்டும் பயப்படும். "பத்து நாள் பாருங்க. மத்தவங்க யாரும் இந்தப் பக்கம் வரவேண்டாம். முக்கியமா நீங்க" என்று என்னைப் பார்த்தே சொன்னார். போகும் முன் அக்கா ஒரு போர்வையைப் போட்டு மேனேஜரைப் பிடிக்க, அவர் ரம்பத்தகடு போட்டு முள்ளின் கூர்முனையை அறுத்து ராவிவிட்டார். கடைசியாக ஒன்று சொன்னார். "அந்த வலது பையைத் தைச்சு மூடிடுங்க. கை பழக்கத்துல போகும்."

"கறிக்கடைதான்" என்று நான் சொன்னேன். "இந்தக் காலை வச்சுக்கிட்டு நீ அதுக்கு எதிரே நிக்கப் போறியா? பைத்தியமா?"

அக்கா என்னைப் பார்க்காமல் ஏப்ரனை அவிழ்த்தாள். மெஷினில் உட்கார்ந்து வலது பையின் வாயை இரட்டைத் தையல் போட்டு மூடினாள். "பத்து நாள்தானே" என்றாள்.

தையல்காரி தையல்காரிதான், அதை மறைக்கக்கூடாது. பழைய ஜீன்ஸ் துணியை நாலு மடிப்பாக வைத்து, நடுவில் துணி ரோலின் அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டிச் செருகி, முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு உறை தைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட இடத்தில் மட்டும் உள்ளே கொஞ்சம் இடம் விட்டிருந்தாள், உரசக்கூடாது என்று. போட்டுக் காட்டினாள். அளவெடுத்த மாதிரி இருந்தது.

முதல் நாள் அவள் செய்தது, கண்ணை மூடிக்கொண்டு "சரி சரி சரி சரி" என்று சொன்னதுதான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கை மூடிய பையைப் போய்த் தடவியது, பிராண்டியது. மேனேஜர் இரண்டு தடவை உறையில் உதைத்தது. அவள் ஓடிவிட்டாள். இரண்டாம் நாளும் ஓடினாள். மூன்றாம் நாள் ஓடவில்லை, நின்றாள், அழுதுகொண்டே நின்றாள். ஜன்னலிலிருந்து, "போதும், உள்ள வா!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். ஒரே ஒரு எட்டு. மேனேஜர் நின்றது. பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, ஏதோ முக்கியமான புழு கிடைத்த மாதிரி தரையைக் கொத்தியது. அங்கே புழுவும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா இன்னொரு எட்டு வைத்தாள், அது நகர்ந்துகொண்டது. பதினைந்து எட்டையும் அவள் நடந்தே போய் முடித்தாள். ஆறாம் நாள் நான் போனபோது, மேனேஜரை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் ஒரு பேன்ட்டின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அது கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "சேவலைப் பொட்டையாக்கிட்டியே" என்று கத்தினார். அக்கா தட்டை எடுக்கப் போனாள், பாதி வழியில் நின்றாள், பிறகு போய் எடுத்து வந்தாள். நான் கவனித்தேன். நின்றாள், அது நிஜம்.

எட்டாம் நாள் நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. கடையில் ஒரு கஸ்டமரோடு சண்டை, மண்டை சூடாக இருந்தது. முன்வாசல் வழியாகப் போக வேண்டும் என்று தெரியும். ஆனால் இரும்புக் கதவுதான் பக்கம், இத்தனை வருடமாக அந்த வழியாகத்தான் போகிறேன், ஒரு கோழிக்காக நான் சுற்றிக்கொண்டு போவதா? தாழ்ப்பாளைத் திறந்தேன். அது கூட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்தேன். அடித்தேன். நன்றாகவே அடித்தேன்.

அது என்னை விட்டுத் தெறித்து ஓடியது. அந்த நேரம் பார்த்து அக்கா தையல் அறையிலிருந்து வெளியே வந்தாள். உறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள், வெறுங்கால். வெறி பிடித்த சேவலுக்கு எதிரே நின்றது அவள்தான். பாய்ந்தது. முனை ராவிய முள்தான், ஆனாலும் வலது பாதத்தின் மேல் ஒரு நீளக் கோடு. கோட்டில் ரத்தம் முத்து முத்தாக வந்தது.

என்னால் வந்தது என்று அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தபோது மனிதர்கள் என்ன செய்வார்கள்? நான் கத்தினேன். "நான் சொன்னேனா இல்லையா? கேட்டியா? நிக்கிறாளாம் நிக்கிறா! பெரிய இவ! போச்சு, கால் போச்சு, இனிமே உக்காந்து அழு!" தெரு முனைக் கறிக்கடைக்காரருக்கு போன் போட்டேன். இப்பவே வாங்க, கத்தியோட வாங்க என்றேன். சத்தம் கேட்டு மாமா சமையலறைக் கதவு வரைக்கும் வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை, அங்கிருந்தே, "எவன்டா என் சேவலைத் தொடுறது? தொட்டுப் பாருங்க! அங்க என்ன வேடிக்கை, எனக்கு டீ எங்கே?" என்றார்.

கறிக்கடைக்காரர் வந்தார். இரும்புக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மாமா. நடுவில் மேனேஜர் சிறகை விரித்துக்கொண்டு சுற்றியது.

அக்கா குனிந்தாள். ரத்தம் வடியும் காலை முன்னால் வைத்து ஒரு எட்டு, இன்னொரு எட்டு. சேவல் பாய்வதற்குள் இரண்டு சிறகையும் சேர்த்து அமுக்கிப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கினாள். அது திமிறியது. அவள் விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டே இருந்தோம். சேவல் அடங்கும் வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். அது அடங்கியது.

பிறகு கறிக்கடைக்காரரிடம், "அண்ணே, மன்னிச்சுக்குங்க, வேலை இல்லை. நீங்க போங்க" என்றாள். அவர் விட்டால் போதும் என்று போனார். மாமாவிடம் திரும்பினாள். "டீத்தூள் ரெண்டாவது தட்டுல இருக்கு, போட்டுக்குங்க." அவர் வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்து ஒரு எட்டு வைத்தாள், சேவலோடு. திறந்த வாய் திறந்தபடியே உள்ளே போனார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த நிமிஷத்திலும் சிரிப்பு வந்தது.

அப்புறம் அவள் என் பக்கம் வந்தாள். ஒரு எட்டு, இரண்டு எட்டு.

"முடிச்சிட்டியா?"

"உன் கால்ல ரத்தம்..."

"என் கால்தான். எனக்குத் தெரியுது. நானே கழுவி, நானே டாக்டர்கிட்ட போறேன். நீ வீட்டுக்குப் போ. நாளைக்கு வா. முன்வாசல் வழியா வா. கத்தாம வர்றதா இருந்தா வா."

ஐம்பத்தொரு வருடத்தில் அவள் யாரையும் போ என்று சொன்னதில்லை. முதல் தடவை, என்னைச் சொன்னாள். தெருவில் நடந்து வரும்போது அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். நன்றி கெட்டவள், தினமும் வந்து கட்டுப் போடுகிறேன், என்னைப் போய்... வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதேன்.

மறுநாள் அஞ்சு மணிக்கு முன்வாசலில் நின்றேன். கதவைத் தட்ட ஐந்து நிமிஷம் ஆயிற்று. அக்கா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டாராம், மேலோட்டமான கீறல்தான், பயமில்லையாம், ஆனால் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டு மாற்ற வேண்டுமாம். நான் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். பாதத்தின் கீறல் கருத்துக் காய்ந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே பழைய புண்ணில் வெள்ளை போயிருந்தது, ஓரத்தில் புதுத்தோல் சிவப்பாக ஏறியிருந்தது. கால் பிழைத்துவிடும். பார்க்கிறவளுக்குத் தெரியும். பஞ்சை எடுத்துப் புண்ணைச் சுத்தம் பண்ணினேன்.

அவள்தான் பேசினாள். கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில்.

"அப்பா கத்தினப்ப எனக்குப் பெருசா பயமில்லடி. வயித்துல சோத்தைப் போட்டா அடங்கிடுவாரு. உங்க மாமாவும் அப்படித்தான். எனக்கு நிஜமா பயம் யார்கிட்டன்னு தெரியுமா? உன்கிட்டதான்."

"என்கிட்டயா? நான் என்ன பண்ணேன்?"

"நீ கோவிச்சுக்கிட்டுப் போனா திரும்பி வரமாட்டே. அம்மா செத்துப்போனப்பக்கூட என்கூடச் சண்டை போட்டு மூணு மாசம் பேசாம இருந்தியே. புண்ணை உன்கிட்ட காட்டினா கத்துவே. கத்திட்டு நீ போயிட்டின்னா எனக்கு வேற யாரு இருக்கா? அதான் காட்டலை. நாலு நாள் அதை மூடி வச்சது சேவலுக்குப் பயந்து இல்ல."

ஊன்றுகோல் ரப்பருக்குப் பயந்து, சேவலைச் சபித்து, மாமாவைச் சபித்து, இத்தனை நாளும் நான் காப்பாற்றிக்கொண்டிருந்த கால் அது. நாலு நாள் அதில் சீழ் பிடிக்க வைத்தது யார் என்று அவள் சொல்லிவிட்டாள், குரலை உயர்த்தாமல். மருந்தைத் தடவினேன். துணியைச் சுற்றினேன், இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல். பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டும்போது கண்ணீர் அவள் பாதத்தில் விழுந்தது, துடைத்துவிட்டேன்.

"நாளைக்கும் வருவேன். நாளன்னைக்கும் வருவேன். நீ வேண்டாம்னு சொன்னாலும் வருவேன், புரியுதா?" என்றேன்.

அதையும் கத்தித்தான் சொன்னேன்.